பத்தொன்பது டப்பாவும் வாலில்லாத மயிலும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆர்டரில் உங்களை லேப் டெக்னீஷியன் என்று போட்டிருப்பார்கள். ஊருக்குள் ஒருவரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். ரத்தம் எடுத்தால் ஊசி மேடம், சளி பார்த்தால் சளி சார். விழுப்புரத்திலும் திண்டிவனத்தைச் சுற்றியும் முப்பது வருஷத்துக்குக் கிட்டே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கு வாய்த்த பேர் டப்பா மேடம். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரே, "டப்பா மேடத்துக்கு எடம் வுடுங்க" என்பார். பாதி பஸ் எழுந்து நிற்கும். மரியாதையா அருவருப்பா என்று நான் விசாரித்ததில்லை. உட்கார்ந்துவிடுவேன்.

பேருக்குக் காரணம், குழந்தைகளின் மலத்தைப் பரிசோதிக்க நான் ஊர் ஊராகக் கொடுத்த வெள்ளை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. நாம் கொடுத்த டப்பாவிலேயே அது திரும்பி வந்தால் நாம் போன ஜென்மத்தில் புண்ணியம் செய்தவர்கள். ஊறுகாய் பாட்டிலில் வரும். நெய் டப்பாவில் வரும். கோலியனூர் பக்கம் ஒரு பெரியவர் டிபன் கேரியரில் கொண்டு வந்தார். மேல் அடுக்கில் பேரனுடைய சாம்பிள், கீழ் அடுக்கில் அவருடைய தயிர்ச்சாதம். நான் திட்டித் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்னாம்மா, அதுக்குத்தான் நடுவுல ஒரு அடுக்கு காலியா வுட்டிருக்கேனே" என்றார்.

திட்டித் தீர்த்தேன் என்றேன் அல்லவா, அதுதான் என் குணம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வாயும் நீளம். அந்த வாயால் ஒரு பெண்ணின் வேலையே போகப் பார்த்தது. மைக்ரோஸ்கோப்பை எப்படித் துடைப்பது, ஸ்லைடை எப்படித் தேய்ப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன்.

திண்டிவனத்திலிருந்து திருவக்கரைக்குப் போகும் வழியில் ஓர் ஊர். பேர் வேண்டாம். அங்கே அங்கன்வாடியில் இருபது குழந்தைகள். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த இளம் டாக்டரம்மா அங்கே போய்ப் பார்த்துவிட்டு, சில குழந்தைகள் வெளுத்துப் போயிருக்கிறார்கள், வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டிருக்கிறது, புழு இருக்கிறதா பார்த்துவிடுங்கள் என்றார். நான் இருபது டப்பாவில் இருபது பேரை எழுதி ஒட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் பருவம். அம்மாக்கள் எல்லாரும் காட்டு வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் மண் கையோடு வந்து உட்கார்ந்தார்கள். குழந்தையைப் பேப்பர் மேல் உட்கார வையுங்கள், மண் ஒட்டாமல் ஒரு கரண்டி எடுத்தால் போதும், காலையில் கொடுத்துவிடுங்கள் என்று விளக்கினேன். ஒரு அம்மா எழுந்து, ஆறு மணிக்கெல்லாம் லோடு ஆட்டோ வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போய்விடும், அதற்குள் பிள்ளை போகவில்லையென்றால் என்ன செய்வது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்கு அன்று காலையிலிருந்து தலைவலி, திரும்பிப் போகும் பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. நியாயமான கேள்வி கேட்டால் கோபம் வரும் நேரம் அது.

"வர வைங்க. நாளைக்கு டப்பா வராத கொழந்தைக்குச் சத்துமாவு கெடையாது. பேரையே அடிச்சிடுவேன்" என்றேன்.

சத்துமாவு அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு அரசாங்கம் கொடுப்பது. அது வேறு துறை. அதை நிறுத்தும் அதிகாரம் எனக்கு எவ்வளவு இருந்தது என்றால், மழையை நிறுத்தும் அதிகாரம் எவ்வளவோ அவ்வளவு. ஆனால் கேள்வி கேட்டவளே டப்பாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

மறுநாள் பதினோரு மணிக்கு அங்கன்வாடி டீச்சர் ஸ்கூட்டியில் கூடையோடு வந்து இறங்கினார். இருபதுக்கு இருபது. என் சர்வீஸில் எந்தத் தெருவும் கேட்ட டப்பா மொத்தத்தையும் முதல் நாளே திருப்பிக் கொடுத்ததில்லை. பாதி வந்தாலே அன்றைக்கு எங்கள் லேபில் விசேஷம்தான். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது? "பாத்தியா, அதட்டிக் கேட்டா வருது" என்று பார்மசிஸ்ட்டிடம் போய் ஜம்பம் அடித்தேன்.

உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். முதல் டப்பாவில் உருளைப்புழு முட்டை, கொள்ளை கொள்ளையாக. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது, நான்காவது எல்லாவற்றிலும் அதே கதை. கூடவே எல்லாவற்றிலும் நீலமாகச் சின்னச் சின்னத் துணுக்கு. என்ன இது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அங்கன்வாடியில் ஒரே கிரயான் பெட்டிதான் இருக்கும், இருபதும் அதைத்தான் தின்றிருக்கும் என்று நானே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டேன். சாட்சி நேரே வந்து நிற்கிறது, நான் அதற்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைக்கிறேன்.

கடைசி டப்பா மட்டும் சுத்தம். முட்டையும் இல்லை, நீலமும் இல்லை. நாம்தான் சரியாக எடுக்கவில்லையோ என்று திரும்ப ஒரு ஸ்லைடு போட்டேன். சுத்தம்தான். இருபதில் பத்தொன்பதுக்குப் புழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டரம்மா அதைப் பார்த்து நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். ரிப்போர்ட் மேலே போனது.

நமது ரிப்போர்ட் மேலே போகும் வேகத்தைவிடச் சேதி கீழே போகும் வேகம் ஜாஸ்தி. அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் முடிவே செய்துவிட்டார்கள். பத்தொன்பது பிள்ளைக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? அங்கன்வாடிச் சாப்பாடு. அதைச் சமைப்பது யார்? மலர்.

மலருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அங்கன்வாடியில் சமைப்பவர் என்பதால் ஊருக்கே அவர் ஆயாதான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு. கணவர் சென்னையில் கட்டட வேலை, மாதத்துக்கு ஒரு தரம் வருவார். மலருடைய நாலு வயதுப் பெண்ணும் அதே அங்கன்வாடிதான். அந்த இருபதாவது டப்பா, அந்தச் சுத்தமான டப்பா, அந்தப் பெண்ணுடையது. ஊருக்கு அதுவே போதுமாக இருந்தது. தன் பிள்ளைக்கு மட்டும் கையைக் கழுவிவிட்டு ஊட்டுகிறாள், நம் பிள்ளைகளுக்கு அழுக்குக் கையால் போடுகிறாள் என்று பேச்சு. அவரை எடுத்துவிட்டு எங்கள் தெருவிலேயே ஓர் ஆளைப் போடுங்கள் என்று மனு எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். வேறு தெருக்காரர் சமைப்பதில் அவர்களுக்கு முதலிலிருந்தே மனசில்லை. அதற்குக் காரணம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைச் சொல்ல வாய் கூசிக்கொண்டிருந்தவர்களுக்கு என் ரிப்போர்ட் வசதியாகப் போய்விட்டது.

உருளைப்புழு முட்டை சில வாரம் மண்ணில் கிடந்து பக்குவப்பட்டால்தான் அடுத்த ஆளுக்குத் தொற்றும், இன்றைக்குச் சமைத்த கையிலிருந்து நாளைக்கே பத்தொன்பது பேருக்கு வராது என்று நான் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவருக்கும் தெரியும். ஆனால் அச்சடித்த தாளில் பத்தொன்பது என்று இருக்கும்போது வாய்ப்பேச்சு யார் காதில் ஏறும்?

மூன்றாம் நாள் சாயங்காலம் அங்கன்வாடியில் விசாரணை. அங்கன்வாடித் துறை அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். எங்கள் டாக்டரம்மாவும் வந்திருந்தார். மனுவை முடித்துவிட்டு ஜல்தியாகக் கிளம்பும் அவசரம் அவருக்கு. அம்மாக்கள் ஒரு பக்கம், மலர் அடுப்படி வாசலில் தனியாக, நான் கையில் ரிப்போர்ட்டோடு நடுவில். டீச்சர் இன்னொன்றும் சேர்த்தார். டப்பா சேகரித்த அன்று ஆயா வேலைக்கே பத்தரை மணிக்குத்தான் வந்தார், நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன் என்றார். அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, ரிப்போர்ட்டைப் படிங்கம்மா என்றார்.

எழுந்து நின்றேன். அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு மயில் வரைந்திருந்தது. நீல மயில். படிப்பதற்கு முன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால், அந்த மயிலுக்குத் தோகையே இல்லை. தரையிலிருந்து ஒரு சின்னக் குழந்தையின் கை எட்டும் உயரம் வரைக்கும் சுவர் வெள்ளையாகச் சுரண்டிக் கிடக்கிறது. தலையும் கழுத்தும் மட்டும் மிச்சம், கிட்டத்தட்ட கோழி. அதன் பக்கத்தில் ஒரு பெண் குழந்தை ஒன்றையும் கண்டுகொள்ளாமல் நின்று மயிலின் வயிற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுரண்டினாள், விரலை வாயில் வைத்தாள், திரும்பச் சுரண்டினாள். பத்து நகத்துக்கு அடியிலும் நீலம்.

பத்தொன்பது ஸ்லைடிலும் பார்த்த நீலம் அது.

ரிப்போர்ட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு மலரைப் பார்த்தேன். டப்பா சேகரித்த அன்று ஏன் லேட் என்று கேட்டேன். அவர் முதலில் டீச்சரைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார்.

"எம்பொண்ணு பத்து மணிக்குத்தாங்க போனா. அதுவரைக்கும் ஒக்கார வச்சிக்கினு நானும் பக்கத்துலயே ஒக்காந்துக்கினு இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு மொத்தமும் விளங்கிவிட்டது. ஆறு மணிக்கு லோடு ஆட்டோ ஏறியவர்களின் டப்பாக்கள் எப்படி நிறைந்தன என்று நான் யோசித்தேனா? பத்தரை மணிக்கு வந்த அந்த ஒரு டப்பாதான் உண்மை.

இப்போது நீங்கள் என் இடத்தில் நின்று பாருங்கள். பேசாமல் ரிப்போர்ட்டைப் படித்தால் என் பேர் காப்பாற்றப்படும், மலர் வேலை போகும். டப்பாவை மாற்றினீர்களா என்று அம்மாக்களை நேராகக் கேட்டால் இல்லை என்பார்கள், திருவக்கரைக் காளி மேல் சத்தியம்கூடச் செய்வார்கள், அப்புறம் என் ரிப்போர்ட் இன்னும் கெட்டிப்படும். அந்த இடத்தில் ஒரே ஒருத்தர் தப்பைத்தான் என்னால் தைரியமாகச் சொல்ல முடியும். அது என்னுடையது.

"சார், இதப் படிக்க முடியாது. இந்த ரிப்போர்ட் தப்பு. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

அவர் பேனாவை மூடினார். "எத்தன டப்பாம்மா தப்பு?"

"டப்பா பத்தொம்போது சார். கொழந்த ஒண்ணுதான்."

அவருக்குப் புரியவில்லை. நான்தான் அவர்களை அவசரப்படுத்தினேன், நேரம் கொடுக்கவில்லை, ஒரே குழந்தையுடையதைப் பத்தொன்பது டப்பாவில் போட்டிருக்கிறார்கள், அதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டது என் குற்றம் என்று விளக்கினேன். சத்துமாவைச் சொல்லி மிரட்டியதை மட்டும் சொல்லவில்லை. சத்துமாவு அந்த அதிகாரியின் துறை. பயம்தான், வேறென்ன.

அம்மாக்கள் பக்கம் திரும்பினேன். ஒருத்தி முந்தானையைப் பார்க்கிறாள், ஒருத்தி கூரையைப் பார்க்கிறாள். அப்போது கடைசி வீட்டு அம்மா, வெகு நாளாகவே மனத்தில் வைத்திருந்தது போல, மெதுவாகச் சொன்னார்:

"எனக்குத் தம்மாத்தூண்டுதான் குடுத்தா. மத்தவங்களுக்கெல்லாம் நெறைய்யக் குடுத்தா."

யாரைச் சொல்கிறார் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மயில் சுரண்டும் பெண்ணின் அம்மா கஸ்தூரி ரோஷத்தோடு எழுந்துவிட்டார்.

"கேட்டா இல்லன்னு சொல்ற வூடா எங்க வூடு? ஒறமோரு கேட்டாலும் குடுக்கறேன், இதையும் கேட்டாங்க, குடுத்தேன். எம்பொண்ணு அஞ்சரைக்கு டாண்ணு போயிடுவா. பதினெட்டுப் பேரு வந்து நின்னா நான் எப்பிடி அளக்கறது?"

அதற்கு மேல் யாராலும் அடக்க முடியவில்லை. முதலில் டீச்சர் சிரித்தார், அப்புறம் அம்மாக்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். அதிகாரி கைக்குட்டையை எடுத்து முகத்தை வெகு நேரம் துடைத்தார். அந்தத் தெருவில் பாலுக்கு உறை ஊற்ற மோர் இல்லையென்றால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவார்கள். அன்று விடியற்காலையில் கிண்ணத்துக்குப் பதில் என் டப்பாவை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் மிரட்டிய மிரட்டலுக்கு அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

சிரிப்பு அடங்கும்போது நான் கஸ்தூரியின் பெண்ணைத் தூக்கிக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளைக் காகிதம். ரத்தமே இல்லாத பிள்ளைகள்தான் இப்படிச் சுவரையும் மண்ணையும் தேடித் தின்னும். சுவர், மண், நகம், வாய், வயிறு என்று புழு அந்த வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. "பதினெட்டுப் பேருக்குப் பங்கு வச்சியே, மொத்தமும் உம்பொண்ணு வயித்துலதான் இருக்குது தெரியுமா" என்றேன். கஸ்தூரியின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். டாக்டரம்மா அங்கேயே மாத்திரை கொடுத்து, மறுநாள் ரத்தம் பார்க்க வரச் சொன்னார்.

மனுவை என்ன செய்வது என்று அதிகாரி கேட்டார். அத வுடுங்க சார் என்று யாரோ சொன்னார்கள். அவர் அதை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மலரிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சிரித்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று ஊர் நினைத்துக்கொள்கிறது.

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதற்கு எழுதிய பதிலில்தான் மிரட்டியதையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தேன். பிறகு இருபது புது டப்பா கொண்டுபோனேன். எப்போது வருகிறதோ அப்போது கொடுங்கள், வராவிட்டால் வரவில்லை என்று எழுதிக்கொள்கிறேன் என்றேன். முதல் நாள் நாலு வந்தது. பத்து நாளில் பதினெட்டு வந்தது. இரண்டு வரவே இல்லை. ஆறு குழந்தைகளுக்குப் புழு இருந்தது. நகவெட்டியோடு போய் உட்கார்ந்து இருபது பிள்ளைகளுக்கும் நகம் வெட்டினேன், காட்டிலிருந்து வந்த அம்மாக்களுக்கும் வெட்டினேன், ஏனென்றால் அந்தக் கையால்தான் ராத்திரி கேப்பைக் களி உருட்டி ஊட்டுகிறார்கள். குழாயடியில் சோப்பை ஒரு வலைப்பையில் போட்டுக் கட்டித் தொங்கவிட்டோம். மயிலுக்கு மறுபடி வண்ணம் அடித்தார்கள், இந்தத் தடவை குழந்தைக் கை எட்டாத உயரத்தில். இப்போது பார்த்தால் அது கூரையைப் பிய்த்துக்கொண்டு பறக்கப் போகிற மாதிரி இருக்கும்.

ஆனால் என் மனத்தில் நிற்பது விசாரணை நடந்த அந்தச் சாயங்காலம்தான். ஜீப் போய்விட்டது. அம்மாக்கள் சிரித்தபடியே கலைந்துவிட்டார்கள். நான் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தேன். மலர் அடுப்படியைப் பூட்டிவிட்டுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்து, அதெல்லாம் வேண்டாம்மா என்று சொல்ல நான் தயாராகவே இருந்தேன். நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். எல்லாரும் கஸ்தூரி வீட்டுக்குப் போனார்களே, நீ ஏன் போகவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எங்க வூட்டுக்கு அந்தத் தெருவுல ஒறமோரே குடுக்க மாட்டாங்க மேடம். இத மட்டும் குடுத்துடுவாங்களா?" என்று லேசாகச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பெண்ணை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. எம்பொண்ணு டப்பா மட்டுந்தானே நெசம். அவளுக்குச் சத்துமாவு நிக்காதில்ல?"

மூன்று நாளாக ஊரே சேர்ந்து மலரின் வேலையைப் பிடுங்கப் பார்த்திருக்கிறது. அவருக்கோ அன்றைக்கும் இந்தக் கவலை. என் ஒரு வாக்கியம் அவர் வீட்டு அடுப்பு வரை போய் உட்கார்ந்திருந்தது. வெட்கமாக இருந்தது, ரொம்ப வெட்கமாக இருந்தது.

"நிக்காதும்மா. யாருக்கும் நிக்காது. அத நிறுத்துற அதிகாரமே எனக்குக் கெடையாது. சும்மா மெரட்டறதுக்குச் சொன்னேன்."

மலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தூரத்தில் என் பஸ் வந்துகொண்டிருந்தது.

"அத அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, நானும் நேரத்துக்கு வேலைக்கு வந்திருப்பேனே மேடம்" என்றார்.